ஆரஞ்சுப் பூனைக்குப் பதில்

“திரும்பவும் வந்துட்டான்” என்று பல்லைக் கடித்தான் பிரசேத்யோ. “காலையிலதான் விரட்டிவிட்டேன். கொஞ்சமாவது ரோசம் இருக்கா பாரு.”

வாசலில் யாரும் இல்லை. வந்தவன் கணினித் திரையில் இருந்தான். ‘ஆரஞ்சுப் பூனை’ என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தான். யோக்யகர்த்தாவில் தெருவுக்கு நாலு ஆரஞ்சுப் பூனை, இணையத்தில் நாலாயிரம்.

பிரசேத்யோ மூன்று வருடம் முதுகு வளைத்து ‘லூகிஸ்’ என்றொரு நிரல் தொகுப்பை எழுதியிருந்தான். இணையப் பக்கத்தின் குறிகளையும் அலங்கார விதிகளையும் ஊட்டினால், அந்தப் பக்கத்தை அப்படியே படமாக வரைந்து தரும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம் என்று உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டிருந்தான். உலகம் வரவில்லை. பூனை மட்டும் வந்தது.

இன்று மாலை முதல் முழுப் பதிப்பு வெளியீடு. ஊரிலுள்ள நிரலாளர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அப்போது பயனாளர்கள் குறை எழுதுகிற புகார்ப் பக்கம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்க வேண்டும். ஒரு புகார் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மானம் போய்விடும்.

பூனையின் புகார் இதுதான். கல்யாணப் பத்திரிகை ஒன்றை லூகிஸில் வரைந்தால், மணப்பெண்ணின் பெயர் நீளமாக இருப்பதால் அதன் வால் பூவேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இன்றைக்கே அனுப்பியாக வேண்டும், கொஞ்சம் பாருங்கள் மாஸ் என்று கெஞ்சல் வேறு. ஜாவாத் தீவில் ஆண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் அது; மீன் பொரிக்கிறவனும் மாஸ், மாமியார் வீட்டு மாப்பிள்ளையும் மாஸ். அதற்கெல்லாம் இளகுகிற ஆள் இல்லை பிரசேத்யோ.

உலகத்துக்காக எழுதியதை எடுத்துப் பூவும் பட்டாம்பூச்சியும் ஒட்டுகிறானே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. “பொண்ணு பேரைச் சுருக்கச் சொல்” என்று பதில் தட்டினான். அது போதவில்லை. “கண்ணும் மூளையும் இருக்கிறவங்களுக்காக எழுதினது இது” என்று இன்னொன்றும் தட்டினான்.

மனைவி வெனிங் அடுத்த அறையிலிருந்து பொரித்த வாழைப்பழத் தட்டோடு வந்தாள். “மாஸ், எனக்கு ஒரு சின்ன உதவி வேணும்.”

“ம்.”

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: “இந்தப் பூனைப் பயலைப் பாரு வெனிங். இவனோட ஒரே வீட்டுல குடியிருக்கிறவங்க என்ன பாடு படுவாங்களோ.”

“பாவம்தான்” என்று தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

மதியம் தெருவில் மின்சாரம் போனது. திரும்பி வந்ததும் பதறிக்கொண்டு புகார்ப் பக்கத்தைத் திறந்தால், அத்தனை நேரமும் பூனையிடமிருந்து ஒரு சொல்கூட இல்லை. மின்சாரத்தை நிறுத்திய புண்ணியவானைப் பிரசேத்யோ மனதார வாழ்த்தினான்.

வாழ்த்தி முடிப்பதற்குள் அடுத்தது வந்து விழுந்தது.

“கோவிச்சுக்காதீங்க மாஸ். உங்க லூகிஸை நம்பி வேலை பாக்குற ஒரே ஆள் நான்தான்.”

பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். உண்மை என்பதால் காது மடல் சுட்டது. “நீ ஒருத்தன் இல்லாட்டிதான் இந்த இடம் உருப்படும்” என்று எழுதினான். புகாரை மூடினான். இந்தப் பயனாளரை நிரந்தரமாக வெளியேற்றவா என்று திரை கேட்டது. ஆம் என்று ஓங்கி அழுத்தினான்.

அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

வெனிங் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் மேசையில் வைத்தாள். திரையில் ஒரு கல்யாணப் பத்திரிகை. மணப்பெண்ணின் பெயரில் பாதியைப் பூ விழுங்கியிருந்தது. அதற்கு மேலே, நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள் என்று சிவப்பாக ஒரு வரி.

கல்யாணப் பத்திரிகை செய்துகொடுக்கும் வேலை எடுத்திருப்பதாகப் போன மாதம் அவள் சொன்னதும், அதற்குத் தான் ‘ம்’ என்றதும் பிரசேத்யோவுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து எழுதியவையும் ஒவ்வொன்றாக வந்தன.

“பக்கத்து ரூம்லதானே இருக்கே. என்கிட்ட நேர்லயே கேட்டிருக்கலாமே?”

தொடாமல் ஆறிப்போயிருந்த வாழைப்பழத் தட்டை எடுத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

“நேர்ல கேட்டா ‘ம்’தான் வருது மாஸ். அங்க திட்டாவது வந்துச்சு.”