மக்டலின் அன்ரி சொன்ன பொய்

"பொம்பிளை ஆர் எண்டு முதல் சொல்லும்" என்றார் கிளறன்ஸ் பாதர்.

"பொம்பிளை ஒருத்தரும் இல்லை, பாதர்" என்றான் வரதராசா.

பாதர் பேனாவைக் கீழே வைத்தார். ஞானஸ்நானம் கேட்டு வருகிற ஒவ்வொரு இந்துப் பையனுக்குப் பின்னாலும் ஒரு கத்தோலிக்கப் பெண் நிற்பாள் என்பது அவருடைய அனுபவம். பெண் இல்லாவிட்டால் விசா.

"கனடாவோ?"

"இல்லை, பாதர். நான் வெள்ளவத்தையிலைதான் இருப்பன்."

"அப்ப ஐடென்ரிற்றி காட்டிலை பேரை மாத்தவோ? போன மாசம் ஒருத்தர் வந்தவர். அன்ரன் எண்டு பேர் இருந்தால் செக்பொயின்ற்றிலை விடுவாங்களோ எண்டு கேட்டார். போன கிழமை என்னையே பஸ்ஸாலை இறக்கி அரை மணித்தியாலம் வெயிலிலை விட்டவங்கள். அங்கியும் போட்டிருந்தனான்."

"ஐடென்ரிற்றி காட்டிலை வரதராசாவே இருக்கட்டும், பாதர்."

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. வரதராசா சங்கானையிலிருந்து வந்து, காலி வீதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தான். ஆறு மாதமாக ஒரு சனிக்கிழமையும் தவறாமல் மறைக்கல்வி வகுப்புக்கு வந்து, கடைசி வாங்கில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனவன். இன்று கடைசி விசாரணை.

"பிறகு ஏன் ஐசே வேதத்துக்கு வாறீர்?"

"ஒரு அம்மா ஒரு பொய் சொன்னவ, பாதர். அதாலை."

பாதர் படிவத்தைப் பார்த்தார். 'காரணம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு அங்குல இடம் இருந்தது. அதில் 'பொய்' என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை.

"விளக்கமாச் சொல்லும்."

"போன வருஷம் என்னை பஸ்ஸாலை இறக்கிப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். ஒரு அறைக்குள்ளை முப்பது பேர். வந்து கையெழுத்துப் போட்டு எடுக்க எனக்குக் கொழும்பிலை சொந்தம் எண்டு ஒருத்தரும் இல்லை. அடி வேறை. மூண்டாம் நாள் எழும்பி நிக்கவே ஏலாது. பின்னேரம் லொறி வரும், மிச்ச ஆக்களை வேறை இடத்துக்குக் கொண்டுபோவாங்கள் எண்டு கதை."

"எந்த இடம்?"

"தெரியாது. போன ஆக்கள் திரும்பி வந்து சொன்னால்தானே தெரியும்."

பாதர் படிவத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"மத்தியானம் கதவைத் திறந்து கூப்பிட்டாங்கள். சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வெளியாலை வந்தன். வாசலிலை ஒரு அம்மா. கையிலை கிராம சேவகரின்ரை கடிதம். பொலிஸ்காரன் என்னைக் காட்டி, 'மே ஒயாகே புத்தாத?' எண்டு கேட்டான். இது உம்மடை மகனோ எண்டு."

"அவவை முந்திப் பிந்திக் கண்டிருக்கிறீரோ?"

"இல்லை, பாதர். அவவும் என்னைக் கண்டதில்லை. என்னைப் பாத்தா. எனக்குப் பின்னாலை கதவைப் பாத்தா. திரும்பவும் என்னைப் பாத்தா. பிறகு, 'ஓவ், மகே புத்தா' எண்டா. ஓம், என்ரை மகன் எண்டு. கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்திட்டா."

பாதரின் முகம் மலர்ந்தது. "எங்கடை ஆக்கள் இப்பிடித்தான். கடிதமும் கையுமா ஸ்டேஷன் ஸ்டேஷனாத் திரியுங்கள். உயிரைக் காப்பாத்தச் சொன்ன பொய்தானே. பாவசங்கீர்த்தனத்திலை வந்து சொன்னால், ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிப்போட்டுப் போங்கோ எண்டு விட்டிருப்பன்."

வரதராசா சிரிக்கவில்லை.

"ஆர் அந்த அம்மா?"

"மக்டலின் அன்ரி. கொட்டாஞ்சேனை. ஓட்டோவிலை ஒரு சொல்லும் கதைக்கேல்லை. வீட்டை போனதும் சுடுதண்ணி வச்சுத் தந்தா. முதுகுக்கு எண்ணெய் பூசி விட்டா. சோறும் இறைச்சிக் கறியும் போட்டா. நான் சைவம் எண்டன். 'சமைச்சது இதுதான், சாப்பிடு' எண்டா. சாப்பிட்டன்."

"இப்பவும் போறனீரோ?"

"ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். சேட்டுக்குப் பட்டன் தைச்சுத் தருவா. தலைமயிர் வெட்டேல்லை எண்டு பேசுவா. காய்ச்சல் வந்தால் பஸ் ஏறி லொட்ஜுக்கு வருவா."

"சமயம் கதைப்பாவோ?"

"ஒரு நாளும் இல்லை."

"அப்ப கொட்டாஞ்சேனையிலையே ஞானஸ்நானம் எடுத்திருக்கலாமே?"

"அங்கை எல்லாருக்கும் அவவைத் தெரியும், பாதர். என்னையும் தெரியும்."

பாதருக்கு அது விளங்கவில்லை. ஐந்தரைப் பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டார்.

"சரி, கடைசிக் கேள்வி. படிச்சதிலை நம்பக் கஷ்டமாயிருந்த பாடம் எது?"

"கன பாடம், பாதர். ஒரே கடவுள் மூண்டு ஆளாயிருக்கிறது இப்பவும் பிடிபடேல்லை."

"அது எனக்கும் முழுக்கப் பிடிபடேல்லை. நான் கேட்டது வேறை. பிதா தன்ரை ஒரே மகனை எங்களுக்காகக் கையளிச்சார் எண்டு படிப்பிச்சனான். எல்லாரும் அதிலைதான் சண்டைக்கு வாறவை. ஆரோ ஒருத்தனுக்காகப் பெத்த பிள்ளையை ஆரும் குடுப்பினமோ எண்டு. நீர் மட்டும் அண்டைக்கு வாய் திறக்கேல்லை."

"அது எனக்கு உடனை விளங்கினது, பாதர்."

"எப்பிடி?"

வரதராசா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டான்.

"அண்டைக்குப் பொலிஸ்காரன் கூப்பிட்டது என்ரை பேரை இல்லை, பாதர். 'பேர்னாட்' எண்டுதான் கூப்பிட்டவன். எனக்குப் பக்கத்திலை இருந்த பொடியன், 'அம்மா வந்திட்டா, நீங்கள் போங்கோ அண்ணை, நான் பிறகு வாறன்' எண்டு என்னை முன்னாலை தள்ளிவிட்டவன்."

அவன் கதிரையை விட்டு எழும்பினான்.

"மக்டலின் அன்ரிக்கு அவன் ஒரே மகன், பாதர். இன்னும் வரேல்லை."