மூணும் ரெண்டும் ஏழு

“மூன்றும் இரண்டும் எத்தனை?”

பொம்மைக் கடையில் கையடக்கமான ஒரு விளையாட்டுக் கருவி கேட்டது. ஊரில் பாதிப் பாலங்களைக் கட்டிய பொறியாளர், யோசிக்காமல் ஏழாம் எண்ணை அழுத்தினார்.

சிவப்பு விளக்கு எரிந்து, ‘டொய்ங்’ என்றது கருவி. விற்பனைப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அண்ணா, மானத்தை வாங்காதே. எல்லாரும் பாக்கிறாங்க,” என்றாள் தங்கை.

அவளுக்கு வந்த வேலை முடிய வேண்டும். கூடவே வந்திருக்கும் ஐந்து வயது மகள் கொஞ்ச காலமாக எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. காதில் குறையில்லை, பேச்சிலும் குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஏதாவது கேட்டால் போதும், தலை குனிந்துவிடும். இந்த மாதிரி ஒன்றை வாங்கிக் கொடுத்தாலாவது வாயைத் திறக்காதா என்ற நப்பாசை.

இரண்டாவது கருவி. கலர் கலராக, விலையும் அதிகம். அதிலும் அவர் ஏழு என்றார். திரையில் ஒரு கரடி தலையில் அடித்துக்கொண்டு அழுதது.

“இனிமே நீ கட்டின பாலத்துல நான் போகமாட்டேன்பா.”

அவர் சிரித்தார். “சரியாச் சொன்னா எல்லாமேதான் கைதட்டும். தப்பாச் சொன்னா என்ன பண்ணுதுன்னு பாக்கிறேன்.”

“தப்பு பண்றதுக்கா காசு கொடுத்து வாங்குவாங்க?”

மூன்றாவது, இருப்பதிலேயே சாதாரணம். ஏழை அழுத்தினார். சத்தமே இல்லை. மூன்று பந்துகள் வந்தன, பக்கத்தில் இரண்டு வந்தன. கருவி காத்திருந்தது.

மறுபடியும் ஏழு. மறுபடியும் அதே பந்துகள். அதே பொறுமை.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. “மக்கு, மக்கு. அஞ்சை அமுக்கித் தொலையேன்.”

அவள் கைப்பைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன விரல் நீண்டது. மெல்லப் பந்துகளைத் தொட்டு எண்ணியது.

“ஏழு இல்ல மாமா. அஞ்சு.”

தங்கை அப்படியே நின்றுவிட்டாள். விற்பனைப் பெண்கூட எடுத்த அட்டைப்பெட்டியைக் கீழே வைக்க மறந்தாள்.

மகளின் உயரத்துக்குக் குனிந்தாள் தங்கை.

“தெரியுமாடா கண்ணு உனக்கு? அம்மா எத்தனை தடவை கேட்டிருக்கேன். ஏன் சொல்லவே இல்ல?”

குழந்தை கருவியைக் காட்டியது.

“இதுல மாமா ரெண்டு தடவை தப்பாச் சொன்னாங்க. இது மக்குன்னு சொல்லவே இல்லியே.”