வரிசையில் கடைசி ஆள்

“பள்ளம்.”

முன்னால் போகிறவர் கத்தினார். அவனும் கத்தினான்.

கூட்டமாக சைக்கிள் ஓட்டுகிறவர்களின் வழக்கம் அது. முதல் ஆள் பார்த்துச் சொல்வதை ஒவ்வொருவராகப் பின்னால் கடத்த வேண்டும். கடைசி ஆளின் காதில் விழுந்தால் சரி.

கடைசி ஆள் அவன் மனைவி.

பணகுடி தாண்டியதும் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம். சைக்கிள்தான் நகர மாட்டேன் என்றது. சேலத்தில் அரட்டையும் சிரிப்புமாகக் கிளம்பிய கூட்டம் வாயை மூடிக்கொண்டு மிதித்தது.

பள்ளம் என்றான். மணல் என்றான். ஆடு என்றான்.

பின்னாலிருந்து பதில் வராது. பதில் சொல்லும் வழக்கமில்லை.

வீட்டிலும் அவள் அப்படித்தான். மகன் செழியன் போன பிறகு, கேட்டால் பதில் உண்டு, இல்லாவிட்டால் பேச்சே இல்லை.

காலையில் வள்ளியூரில் வரவேற்பு. பொன்னாடை, ரோஸ்மில்க், மைக். குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பெற்றோர் படுத்துக்கொள்ள ஓர் இடம் கட்ட வேண்டும், அதற்கு நிதி திரட்டத்தான் இந்தப் பயணம். இதைச் சொல்லும் வேலை எல்லா ஊரிலும் அவனுடையது. நன்றாகவே பேசுவான். எங்கள் பையன் கடைசி வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் இருந்தான் என்று முடிப்பான். அந்த இடத்தில் கைதட்டல் நிச்சயம். இன்று எழுந்து நின்றே தட்டினார்கள்.

ஒரு மேம்பாலம் வந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத் திரும்பினான்.

பின்னால் யாருமில்லை.

இவ்வளவு நேரம் யாருக்குக் கத்திக்கொண்டு வந்தோம் என்று தெரியவில்லை.

சைக்கிளைத் திருப்பினான். இப்போது காற்று முதுகைத் தள்ளியது. போகிற வேகமே பயமாக இருந்தது. நிற்கிற லாரிகளுக்கு அடியிலெல்லாம் அவளுடைய மஞ்சள் சட்டை தெரிகிறதா என்று பார்த்தான். இவளும் போய்விட்டால் தன் கதை அவ்வளவுதான் என்று நினைத்தான்.

ஒரு பஸ் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தாள்.

சைக்கிள் சுவரில் ஒழுங்காகச் சாய்ந்திருந்தது. கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தாள்.

விழுந்துவிட்டாயா என்று கேட்டான். இல்லை. பஞ்சரா? இல்லை. மயக்கமா? அதுவும் இல்லை. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. நிற்கிறவள் ஒரு குரல் கொடுத்துவிட்டு நின்றால் என்ன, பாதி உயிர் போய்விட்டது என்று திட்டினான்.

அவள் முழுதாகக் கேட்டாள். மிட்டாயை மென்று முடித்தாள்.

“செழியன் சிரிக்கலைங்க.”

அவன் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றான்.

“அழுதான். அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேட்டுக் கேட்டு அழுதான். நீங்க தாங்க மாட்டீங்கன்னு போன்ல மாத்திச் சொல்லிட்டேன். ஊர் ஊரா அதுக்குக் கைதட்டுறாங்க. என்னால முடியல.”

அந்த வாரம் அவன் கத்தாரில் இருந்தான். லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து, வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பையன் சிரித்தான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவன் மறுபடி சாப்பிட்டான், தூங்கினான். சைக்கிள் வாங்கியதும் அந்தத் தெம்பில்தான்.

முன்னால் போயிருந்த சாப்பாட்டு வேன் தேடிக்கொண்டு திரும்பி வந்தது. கன்னியாகுமரியில் மேடை தயார், சார் பேசுவதற்காக எல்லாரும் காத்திருக்கிறார்கள், ரெண்டு சைக்கிளையும் ஏற்றிவிடவா என்று டிரைவர் கேட்டார்.

அவன் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னான்.

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வேற என்ன கேட்டான்?”

அவள் அவனைப் பார்த்தாள். பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

“அப்பா பிளேன் ஏறியாச்சான்னு கேட்டான். ஏறியாச்சுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அழல.”