துண்டில் சுற்றிய போன்

"நான் இன்டர்வியூவுக்குப் போனது உங்க அக்காவுக்கு எப்படிங்க தெரிஞ்சது? அவங்க ஊரெல்லாம் தமுக்கடிச்சு, கடைசியில என் மேனேஜர் காது வரைக்கும் போயிடுச்சு. இருக்கிற வேலையும் போயிருக்கும்!"

மனைவி பொரிந்து தள்ளியதும் கணவன் நிதானமாகத் தலையசைத்தான். ஒரு கம்பெனியில் தகவல் பாதுகாப்பு அதிகாரி அவன். லேப்டாப் கேமராவுக்கே பிளாஸ்திரி ஒட்டி வைத்திருப்பவன்.

"எல்லாம் இந்த போன் பண்ற வேலை. நாம பேசுறத ஒட்டுக்கேட்டு, சொந்தக்காரங்க போனுக்கெல்லாம் கோள் மூட்டிடும்."

"அடப்பாவமே! இன்னிக்கும் ஒரு முக்கியமான விஷயம் சொல்லணுமே?"

"இரு, இரு."

இரண்டு போன்களையும் அணைத்து, துண்டில் சுற்றி, வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினான். டி.வி. வயரையும் பிடுங்கிவிட்டான். அதன் பிறகே அவள் காதோடு காதாகச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் நாத்தனார் போன் செய்தாள்.

"ஏம்மா, வேலைய விட்டுட்டியாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சாயங்காலம் வீடு திரும்பிய கணவனிடம் அவள் அதைச் சொன்னதுதான் தாமதம், துள்ளிக் குதித்தான்.

"பாத்தியா! ஆஃப் பண்ணி வச்சும் கேட்டுடுச்சு!"

"நான் வேலைய விடவே இல்லீங்க. ஆழம் பாக்கத்தான் உங்க காதுல அந்தப் பொய்யப் போட்டேன். நேத்து இந்த வீட்டுல ஆன்ல இருந்தது நீங்க மட்டும்தான்."

அவன் அசடு வழிந்தான்.

"அக்காதானேன்னு... சரி, அந்த இன்டர்வியூ என்னதான் ஆச்சு?"

"அத என் போன்ல எழுதி வச்சிருக்கேன். அதுக்காவது பாஸ்வேர்டு இருக்கு."