கன்னிக்குப் புதுப் பாவாடை

"இது வேணாம். கழுத்துல ஜரிகை குத்தும்" என்றாள் சிந்து, தன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே.

தி.நகரில் அவள் அப்பா கணேசமூர்த்தியின் ஜவுளிக்கடைதான் அது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த பெண், முதலாளி மகளிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசையில், அஞ்சு வயசுப் பிள்ளைக்கான பட்டுப்பாவாடை சட்டைகளை மேஜை நிறையப் பரப்பியிருந்தாள்.

"பாப்பாவையும் கூட்டிட்டு வந்திருந்தா அளவு வெச்சே பாத்திருக்கலாமே?"

கல்லாவில் இருந்த கணேசமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். சிந்துதான் பதில் சொன்னாள். "பாப்பா வராது. அந்த மஞ்சளைக் கட்டிக் குடுங்க."

அடையாறு வீட்டுக்குக் காரில் போகும்போது அப்பா மெல்ல ஆரம்பித்தார். "அந்தப் பேர் மாத்துற கிறுக்கு தெளிஞ்சுதா, இன்னும் இருக்கா?"

பதினேழு வயசானால் எதையாவது மாற்றியே ஆக வேண்டும் போலிருக்கிறது. போன வருஷம் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். பாட்டு வகுப்பை விட்டாள். இப்போது பதினெட்டு ஆனதும் பெயரையே மாற்றிக்கொள்ளப் போகிறாளாம். கணேசமூர்த்திக்குச் சிரிப்புத்தான் வந்தது. அம்மா தங்கம் சிரிக்கவில்லை. சிந்து என்ற பெயரை மாற்றினால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"இன்னும் இருக்குப்பா."

"சிந்துங்கற பேருக்கு என்ன குறைச்சல்?"

"யாராவது சிந்துன்னு கூப்பிட்டா, வேற யாரையோ கூப்பிடற மாதிரியே இருக்கு. நான் நானா இருக்கணும்ப்பா. அவ்ளோதான்."

"அம்மாட்ட இன்னைக்கு இதைப் பேசிராத. இன்னைக்கு ஒருநாள் பொறுத்துக்க."

அவள் பாவாடைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்குத் தீபிகாவின் நாள். தீபிகா, சிந்துவோடு பிறந்த இரட்டை. இரண்டும் அச்சு அசல் ஒன்று. பெற்றவளே உடுப்பின் நிறத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். சிந்துவுக்குச் சிவப்பு, தீபிகாவுக்கு மஞ்சள்.

அஞ்சு வயசில் பெசன்ட் நகர் கடற்கரையில் விளையாடும்போது அலை இரண்டு பேரையும் இழுத்தது. குப்பத்து ஆட்கள் பாய்ந்து போய்ச் சிவப்புக் கவுன் பிள்ளையை உயிரோடு தூக்கி வந்தார்கள். மஞ்சள் கவுன் மறுநாள்தான் கரை ஒதுங்கியது.

"நீயாவது இருக்கியேட்டி சிந்து" என்று தங்கம் அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை ஊரையே கலக்கியது. பிள்ளை பயந்துபோய் ரொம்ப நாள் வாயே திறக்கவில்லை. பித்துப் பிடித்தவளாகக் கிடந்த தங்கம், சிந்து சிந்து என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் எழுந்து உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் ஒரு வாய் சோறு இறங்கியது.

கல்யாணமாகும் முன்பே இறந்துபோன பெண்பிள்ளையைக் கன்னியாகக் கும்பிடுவது அந்தத் தெற்கத்திக் குடும்பத்து வழக்கம். வருஷம் ஒருமுறை புதுப் பாவாடை, வளையல், ரிப்பன் எல்லாம் வைத்துப் படைப்பார்கள். பாவாடையைச் சிந்துதான் பார்த்து எடுப்பாள். தீபிகாவுக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத்தான் தெரியுமாம்.

கன்னி, வீட்டில் யார் மேலாவது இறங்கி வந்து பேசும் என்பார்கள். தங்கமும் வருஷா வருஷம் காத்திருந்தாள். பாவம், தீபிகா வந்ததே இல்லை.

அன்றும் தங்கம் தீபிகாவின் படத்துக்கு முன்னால் கையேந்தி நின்றாள். "தீபிகா, எந்தாயி, ஒரே ஒரு தடவை வந்து பேசும்மா. உன் கையை விட்டுட்டேன்னு அம்மா மேல கோவமா?"

சிந்துவின் கையிலிருந்த சூடத்தட்டு நழுவி விழுந்தது.

"அம்மா... நான் தீபிகாம்மா" என்றாள்.

அடுத்த நொடி தங்கம் மகள் காலில் விழுந்தாள். "வந்துட்டியா! எம்புள்ள வந்துட்டா! என்னங்க, திருநீறு எடுங்க!"

கணேசமூர்த்தி கைநிறையத் திருநீற்றை அள்ளி மகள் நெற்றியில் பூசினார்.

"என்ன வேணும் தாயி? கேளு, எதுன்னாலும் செய்யறேன்."

"என்னைத் தீபிகான்னு கூப்பிடும்மா."

"தீபிகா! என் கண்ணு, தீபிகா!" தங்கம் அவள் முகமெல்லாம் முத்தமிட்டாள். பெண்ணும் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். இத்தனை வருஷத்து அழுகை.

பிறகு தங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினாள். "போதும் தாயி. பச்சப்புள்ள உடம்பு, தாங்காது. எனக்கு எம்சிந்து வேணும். அவளைத் திருப்பிக் குடுத்துட்டு நீ மலையேறிடு."

அம்மாவின் கழுத்திலிருந்து அந்தக் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

தங்கம் சர்க்கரைப் பொங்கல் எடுக்க உள்ளே போனாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைக் கணேசமூர்த்தி வெகுகாலமாகப் பார்த்ததில்லை. தண்ணீர் கொண்டுவந்து மகளைத் தாங்கி உட்கார வைத்தார்.

"சிந்து, சாமி மலையேறிடுச்சாம்மா?"

அவள் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சாமி வரலப்பா. அன்னைக்கு பீச்சுக்குப் போறப்பவே, கார்ல நாங்க ரெண்டு பேரும் கவுனை மாத்திப் போட்டுக்கிட்டோம்."