பாதை வழக்கு

அரியலூர் கோர்ட்டிலிருந்து ஆண்டிமடம் வந்து சேர்ந்த வக்கீல் ஆனி ரோஸிடம் அப்பா ஆரோக்கியசெல்வம் காபி டம்ளரை நீட்டினார்.

“தீர்ப்பு என்னம்மா?”

“ஜெயிச்சுட்டோம்ப்பா. முந்திரித் தோப்புல வேலி போட்டு அடைச்ச பாதையத் திறந்துவிடச் சொல்லிட்டாங்க. இனிமே காலனி வரைக்கும் ஆம்புலன்ஸ் போகும். பிரசவ வலியில துடிக்கிறவங்களக் கட்டில்ல தூக்கிட்டு ஓட வேணாம்.”

“சமூகப்பணி படிச்சுட்டு அங்க வூடு வூடாப் போன. அது பத்தாதுன்னு சட்டமும் படிச்ச. நெனச்சத முடிச்சுட்ட.”

“எதிர்த்தரப்பு அப்பீலுக்குப் போயிடுமோன்னுதான் கவலையா இருக்கு.”

“போக மாட்டேன்மா” என்றார் அப்பா. “போன வாரம் நீ வாதாடுனதக் கேட்டப்பவே மனசு மாறிடுச்சு. காலையிலயே நம்ம தோப்பு முள்வேலியப் பிரிச்சுட்டேன்.”

ஆனி ரோஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை முழுக்கக் கீறல்கள்.