பூட்டுப் போட்ட பொதி

"களவு களவுதான் ஜெயரூபி. கருவாடு காயப்போடுற பொம்பிளையளுக்குக் குடுத்தாலும் களவுதான். நீங்கள் இந்த மாசத்தோட நிண்டுகொள்ளுங்கோ."

மென்பொருள் நிறுவன முதலாளி இராகுலன் சுழல்கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பி, துறைமுகத்தைப் பார்த்தபடி இதைச் சொன்னார். முகத்தைப் பார்த்து வேலையால் நிறுத்தும் அளவுக்கு அவருடைய மனம் கல் இல்லை.

ஜெயரூபி செய்தது பிழைதான். மீன் நிறுவைக்கும் ஐஸ் கணக்குக்குமாக அவள் எழுதி, இராகுலன் பெயர் வைத்த மென்பொருள் அது. அதைச் சல்லிக் கிராமத்துக் கருவாட்டுப் பெண்கள் சங்கத்தின் பழைய கணினியில் கேளாமல் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"வியாபாரிமார் அவையளை நிறுவையில ஏமாத்துகினம் சேர். உங்களைக் கேட்டா தரமாட்டீங்கள் எண்டு..."

"தெரிஞ்சுகொண்டுதானே செய்தனீங்கள்? அப்ப அதுக்குப் பேர் என்ன?"

ஜெயரூபிக்கு இந்த வேலை தேவை. அப்பா கடலுக்குப் போவதை விட்ட பிறகு, அன்புவழிபுரத்து வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும்தான்.

"மாச முடிவில மீன் வியாபாரிகள் சங்கத்துக்கு இதைக் காட்டோணும். அதுவரைக்கும் வேலையைப் பாருங்கோ," என்றார் இராகுலன். மென்பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கு மட்டுமே தெரியும் என்பதை அவர் பெருந்தன்மையோடு சொல்லாமல் விட்டார்.

அன்றே பொதி ஆராய்ச்சி தொடங்கியது.

மென்பொருளை எழுதினால் மட்டும் போதாது. வாங்குகிறவரின் கணினியில் அது ஒழுங்காகப் போய்க் குந்தவேண்டும். அதற்கு, எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டித் தரும் கருவி ஒன்று தேவை; அதுவும் ஒரு மென்பொருள்தான்.

"இலவசக் கருவி ஒண்டு இருக்கு சேர். சட்டப்படி ஆரும் பாவிக்கலாம். எங்கட வேலைக்கு அது காணும்."

"சும்மா கிடைச்ச கயித்தில படகு கட்டுவீங்களோ?"

"கயிறு நல்லதெண்டா கட்டலாம் சேர்."

"அதில பூட்டு இருக்கோ?"

"இல்லை."

"பிறகென்ன கதை!"

இணையத்தில் இருந்து இறக்கிப் போடும் வழி ஒன்றும் இருந்தது. "அங்க விட்டா ஊர் முழுக்க இறக்கிப்போடும். எங்கட சனத்தைத் தெரியாதோ?" என்று அதையும் தள்ளினார்.

கடைசியில் வெளிநாட்டுக் கருவி ஒன்று அவர் மனதுக்குப் பிடித்தது. அது கட்டும் பொதி ஒரே கணினியில், ஒரே ஒருதரம்தான் திறக்கும். பிறகு யாருக்கும் உதவாது.

"விலை கூடவெல்லோ சேர்?"

"நேர்மைக்கு விலை பாக்கக் கூடாது பிள்ளை."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையப் பக்கம் போனவர், மேசையில் வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் கருவி பதிந்த இறுவட்டோடு திரும்பினார். அறையைப் பூட்டிக்கொண்டு பொதியைத் தானே கட்டினார்.

"ஒருக்காத் திறந்து பாப்பமோ சேர்?"

"திறந்தா வீணாப் போயிடும். வெளிநாட்டுச் சாமான், பிழைக்காது. நீங்கள் இன்னொருக்கா ஆருக்கும் குடுக்காமல் இருந்தாக் காணும்."

மாத முடிவும் வந்தது. சங்க மண்டபத்தில் வெள்ளைச் சுவரில் கணினித் திரையின் படம் பெரிதாக விழுந்தது. முன் வரிசையில் தலைவர் ஸெய்னுதீன் ஹாஜியார். அவர் தலையாட்டினால் கிண்ணியாவில் இருந்து குச்சவெளி வரைக்கும் உள்ள மீன்வாடிகளுக்கு எல்லாம் விற்கலாம்.

இராகுலன் எழும்பினார்.

"ஹாஜியார், எங்கட நாடு முன்னேறாததுக்கு ஒரே காரணம் இந்தக் கொப்பியடிக்கிற பழக்கம். ஒருத்தன்ர உழைப்பை மற்றவன் சும்மா எடுக்கிறான். என்ர கந்தோரிலயே அது நடந்தது. நான் முகம் பாக்கேல்ல. அந்த ஆளை இந்த மாசத்தோட நிப்பாட்டுறன்."

கைதட்டல் எழுந்தது. அவருடைய கந்தோரில் இருந்து ஜெயரூபி மட்டுமே வந்து கணினிக்கு முன்னால் இருந்தபடியால், யாரைப் பற்றிய கதை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்குக் காது சுட்டது.

"இப்ப பாருங்கோ. இந்தப் பூட்டை ஒரு கள்ளனாலயும் உடைக்க ஏலாது. பிள்ளை, திறவுங்கோ."

அவள் பொதியைத் திறந்தாள்.

அந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. தான் கட்டும் பொதியின் முதல் பக்கத்தில், தன்னை வாங்கியவரின் பெயரைத் தானாகவே போட்டுவிடும். பஸ் நிலையத்தடியில் கடை வைத்திருக்கும் ஜவாஹிருக்கும் ஒரு குணம் உண்டு. கொப்பியடித்து விற்கும் எதிலும், வாங்கியவர் பெயர் கேட்கும் இடத்தில் தன் கடை விளம்பரத்தை எழுதிவிடுவான்.

சுவரில் ஆளுயர எழுத்தில் வந்தது:

'உரிமையாளர்: ஜவாஹிர் கொம்யூனிகேஷன், பஸ் நிலையம் முன்பாக. சகலவிதக் கொப்பிகளும் செய்து தரப்படும்.'

பின் வரிசையில் ஒருவர் தும்முவது போலச் சிரித்தார். பிறகு மண்டபம் முழுவதும் தும்மியது.

இராகுலன் திரையை மறைத்துக்கொண்டு நின்றார். எழுத்துகள் அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தன.

"ஹாஜியார், இது... இது வேற கதை..."

"பதறாதீங்க தம்பி," என்றார் ஹாஜியார். "எண்ட கொம்பியூட்டர்லயும் முழுக்க ஜவாஹிர் போட்டுத் தந்ததுதான். ஆனா அதை வெச்சுக்கிட்டு நான் ஒரு புள்ளைய வேலையால நிப்பாட்டல்ல."